உனக்கு நன்றி மட்டும் சொன்னார்கள், அண்ணா

என்னை ஒரே ஒரு முறை மட்டும் திட்டிய என் அண்ணன் மாசிலாமணிக்கு, உன் பாப்பா ஆசையோடு எழுதுவது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை போட்டுக்கொண்டேன். மற்றவர்கள் கடிதத்தில் நலம், நலமறிய ஆவல் என்று எழுதுகிற இடத்தில் நான் இதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் அடுத்து நான் சொல்லும் எதையும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. நீயும் அப்படித்தான் இருந்தாய். மழை வருகிறது, துணியை எடு என்று சொன்னால்கூட, "மாத்திர போட்டியா பாப்பா?" என்பாய். துணி நனைந்த பிறகுதான் நம்புவாய்.

நம் சபைக்குப் புது ஆயர் வந்திருக்கிறார். சின்ன வயசு, மொபெட்டில் வருகிறார், அதைத் தள்ளிக்கொண்டு வருகிற நாள்தான் அதிகம். சபையின் மாதப் பத்திரிகைக்கு உன்னைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார். "உங்க அண்ணனைப் பத்தி ஒரு சாட்சி எழுதுங்கம்மா. எல்லாருக்கும் ஒரு முன்மாதிரியா இருக்கும்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். உட்கார்ந்து எழுதினால் முன்மாதிரி வரமாட்டேன் என்கிறது, நீதான் வருகிறாய். இதை அவர் அச்சில் போடுவாரோ அடுப்பில் போடுவாரோ, அது அவர் பாடு.

நீ பார்க்காதது நிறைய வந்துவிட்டது அண்ணா. நம் தெருவிலேயே டி.வி. பெட்டி வந்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போடுகிறார்கள். அதனால் சாயங்கால ஆராதனைக்குக் கூட்டம் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆயரும் பிரசங்கத்தை ஜல்தியாக முடித்துவிடுகிறார், அவருக்கும் படம் பார்க்க ஆசையோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆற்றில் வழக்கம்போலத் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டுப் பெருமாள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, நீ இருந்திருந்தால் பந்தி பரிமாறியிருப்பாய்.

நம் கதை தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம், அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ஆசிரியப் பயிற்சிக்குப் போன இடத்தில் எனக்குப் புத்தி பேதலித்தது. யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்டது. பக்கத்து வீட்டு ரேடியோவில் என் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். சோற்றில் விஷம் என்று தட்டோடு வாசலில் எறிந்தேன். அப்பா முன்பே போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்துப் பார்த்து அழுதே போனாள். மிச்சம் இருந்தது நீதான். உனக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை.

பஸ் மாறி மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாய். தலையில் கரண்ட் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். குரல்கள் அடங்கின. கை நடுங்க ஆரம்பித்தது. அந்த நடுங்குகிற கையைத்தான் நீ தறியில் உட்கார வைத்தாய்.

நீ நெய்தது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டுமானால் ஒரு ஆள் போதாது. நீ தறிக்குழியில் உட்கார்ந்து, ஊடு இழையைக் கொண்டு ஓடும் உடல் நாடாவை எறிவாய். நான் ஓரத்தில் இருந்து அந்த இழையைக் கரை இழையோடு கோத்துவிட்டுக் கரை நாடாவை அனுப்ப வேண்டும். ஒருவர் தாமதித்தால் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். என் கை நடுக்கத்துக்காக நீ எவ்வளவு காத்திருந்தாய்! தெருவில் மற்றத் தறிகள் விடாமல் ஓடும் சத்தம் கேட்கும். நம் தறி மட்டும் வயதானவர் இருமுவது போல விட்டு விட்டுச் சத்தம் போடும். "மெதுவா போடு பாப்பா. சேல எங்கயும் ஓடிப்போவாது" என்பாய்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நோயாளிகளின் பெயரை வாசித்து வேண்டிக்கொள்வது நம் சபை வழக்கம். அதில் மற்றப் பெயர்கள் வரும், போகும். என் பெயர் மட்டும் நகராது. பழைய ஆயர் கண்ணை மூடிக்கொண்டு, "எங்கள் சகோதரி லீதியாளை நீர் தொட்டுக் குணமாக்கும்" என்பார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவளுக்கு மாசிலாமணியைப் போல ஒரு சகோதரனைத் தந்தீரே, அதற்காக உமக்குக் கோடி ஸ்தோத்திரம்" என்றும் சேர்த்துக்கொள்வார். சபை முழுக்க ஆமென் சொல்லும். எனக்கு வேண்டுதல், உனக்கு ஸ்தோத்திரம். வாராவாரம் இதே பங்கீடு.

முதலில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் ஜெப நேரத்தில் நான் கண்ணை மூடாமல் உன்னைப் பார்த்தேன். ஜெபத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், பைத்தியத்துக்கு அந்த ஒரு சலுகை உண்டு. ஆண்கள் பக்கம் நீ உட்கார்ந்திருந்தாய். உன் பெயர் வந்ததும் தலையைத் தொங்கப் போட்டாய். பக்கத்தில் இருந்தவர் உன் முதுகில் தட்டினார். அடக்கம் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். எனக்கு அது அடக்கமாகத் தெரியவில்லை, வெட்கப்படுகிறவன் போல இருந்தாய். நன்றி சொல்லி முடித்துவிட்ட ஒரு ஆளுக்காக யார் திரும்பவும் வேண்டிக்கொள்வார்கள்? உனக்குத் தூக்கம் வராவிட்டால், உனக்கு அலுத்துப்போனால், உனக்கு என்னைப் பிடிக்காமல் போனால் அதை எந்த இடத்தில் சொல்வாய்?

நான் தறியில் பாவு நூலை வெட்டியது உனக்கு நினைவிருக்கும். தறியில் புதுப் பாவு ஏற்றியிருந்தாய். பட்டு இழைகளுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்து, நீ தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டிவிட்டேன். நீ வந்து பார்த்தாய். கத்தரிக்கோலை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி வைத்தாய். பிறகு உட்கார்ந்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க ஆரம்பித்தாய். பெருமாள் அண்ணன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மனுஷனா நீ? பூமி தாங்கற மாதிரி தாங்கறியேப்பா" என்றார். அந்த வாரமும் உனக்கு ஸ்தோத்திரம்தான்.

அந்தப் பெருமாள் அண்ணன் உன்னைப் பக்கத்தில் இருக்கிற திருமலைக்குக் கூப்பிட்டது ஞாபகம் வருகிறது. தறிக்காரர்கள் சேர்ந்து ஒரு நாள் மலையேறி, பாறை நிழலில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். "பாப்பாவ என் சம்சாரம் பாத்துக்கும், நீ வாய்யா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நீ பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்துவிட்டாய். நான் வாசலில் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தேன். உன்னைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. உனக்கு எங்கேயும் போகத் தெரியாமல் போய்விட்டது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

நீ என்னைத் திட்டிய நாளை மறப்பேனா? அதற்குக் காரணம் பாவு இல்லை, குழம்பில் உப்பு. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, "ஒரு வாய் சோறு நிம்மதியா துன்ன முடிதா இந்த வூட்ல? உன்னோட பெரிய பேஜாரு! நீ போய்ச் சேந்தாத்தான் எனக்கு விடியும்" என்று கத்தினாய். தெருவே கேட்டிருக்கும். நான் அழவில்லை அண்ணா. உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எல்லா வீட்டிலும் அண்ணன்மார் தங்கைகளை இப்படித்தான் திட்டுகிறார்கள். அன்றைக்கு நான் நோயாளியாக இல்லை, உன் தங்கச்சியாக இருந்தேன். வேறு குழம்பு வைத்தேன், நீ இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டாய். அன்று மத்தியானம் தறி எப்படி ஓடிற்று!

அதோடு விட்டிருக்கலாம். நீ ஆயரிடம் போய் அழுதாய். பாவம் செய்துவிட்டேன், தங்கையைச் சாகச் சொல்லிவிட்டேன் என்றாய். அவர் நல்ல மனிதர், உன்னைத் தேற்றினார். அடுத்த ஞாயிறு பெயர் சொல்லாமல், ஆனால் எல்லாருக்கும் புரிகிற மாதிரி, "ஒரே ஒரு கடுஞ்சொல்லுக்காகக் கண்ணீர் விடுகிற சகோதரன் நம் நடுவில் இருக்கிறான்" என்று பிரசங்கத்தில் சொன்னார். நீ திட்டியதைக்கூடப் புகழாக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு நீ என்னைத் திட்டவே இல்லை. என்னிடம் அதிகம் பேசவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தறியில் ஒன்று மாறியது. காத்திருக்கிறவள் நானாகிவிட்டேன். நீ நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாய். நான் "அண்ணே" என்றால்தான் கை அசையும். டீக்கடைக்குப் போவதை விட்டாய். சவரம் செய்துகொள்வதை விட்டாய். கிறிஸ்துமசுக்கு எடுத்த சட்டை பொங்கல் தாண்டியும் பிரிக்காமல் கிடந்தது. விடியற்காலையில் நான் கண் விழித்தால் நீ பாயில் மோட்டுவளையைப் பார்த்தபடி கிடப்பாய். என்ன உடம்புக்கு என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "எனக்கு இன்னா? நல்லாத்தான் கீறேன்." என் சாப்பாடு, என் மாத்திரை, என் ஊசிக்கு நாள், எதுவும் தப்பவில்லை. அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

ஒரு முறை மட்டும் உண்மையைச் சொன்னாய். கோயில் முடிந்து ஆற்றோரமாக நடந்து வந்துகொண்டிருந்தோம். நீ என்னைப் பார்க்காமல், "எங்கயாச்சும் போய் படுத்துக்கினு, அப்டியே ஏந்திரிக்காம இருந்துட்டா தேவலாம்னு கீது பாப்பா" என்றாய். கொஞ்ச தூரம் நடந்ததும், "மாத்திர போட்டியா?" என்று கேட்டாய். இத்தனை பேர் இருக்க அதை என்னிடம் மட்டும் ஏன் சொன்னாய்? நான் வெளியில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதாலா?

அதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த ஆசை எனக்குத் தெரியும், நானும் அப்படிக் கிடந்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு நோயாளிகளின் பெயர் வாசிக்கும்போது நான் எழுந்து நின்றேன். "ஐயா, எங்கண்ணனுக்காக வேண்டிக்குங்க. எனக்கு இப்ப நல்லா கீது. அவருக்குத்தான் நல்லா இல்ல" என்றேன். பின்னால் இருந்த ரோசம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். ஆயர் மிகவும் அன்பாக, "சரிம்மா, உக்காரு" என்றார். பிறகு வழக்கத்தைவிட நீளமாக எனக்காக வேண்டிக்கொண்டார்.

அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. நோய் முற்றியிருந்த காலத்தில், எங்கண்ணனைக் கொல்லப் போகிறார்கள் என்று தெருவில் நின்று கத்தியவள் நான். இப்போதும் அண்ணனுக்கு ஆபத்து என்றால் யார் பிரித்துப் பார்ப்பார்கள்? எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். முன்பு அதை ஒரு குரல் எனக்குச் சொன்னது. இந்த முறை தறியில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து நானே பார்த்தேன். இந்த வித்தியாசத்தை எப்படி இன்னொருவருக்குக் காட்டுவது?

மறுநாளே நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாய். உன்னைக் காட்டச் சொன்னேன், நீ என்னைக் கூட்டிப்போனாய். டாக்டர் என்னைக் காட்டி உன்னிடம்தான் கேட்டார். "எப்படி இருக்காங்க?"

"சபையில எழுந்து நின்னு பேசுது டாக்டர். எனக்கு இன்னமோ ஆயிடுச்சாம்" என்றாய்.

"அவரக் கேளுங்க டாக்டர். அவருதான் தூங்கறதில்ல. அவருதான் துன்றதில்ல" என்றேன்.

டாக்டர் சிரித்தார். "அண்ணன் மேல ரொம்பப் பாசம்" என்று சொல்லிக்கொண்டே மாத்திரையைக் கூட்டி எழுதினார். தலையை நிமிர்த்தி ஒரு தரம் உன் முகத்தைப் பார்த்திருந்தால் போதும். அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டில் என் பெயர்தானே இருந்தது?

அந்த மாத்திரையில் நான் பகலிலும் தூங்கினேன். கரை நாடாவுக்கு ஆள் இல்லாமல் நீ ஒற்றை ஆளாக வெறும் சேலை நெய்தாய். பிறகு அதுவும் நின்றது. உன்னைக் கவனிக்க இருந்தவள் நான் ஒருத்திதான், என்னையும் தூங்க வைத்துவிட்டார்கள். நான் தெளிந்து எழுந்தபோது உன் கண் மஞ்சளாக இருந்தது.

கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வா என்று பெருமாள் அண்ணன் வண்டியோடு வந்து நின்றார். "ஆவட்டும், ஆவட்டும், நாளைக்குப் போலாம்" என்றாய். என் மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாத நீ, உன் மருந்தை ஜன்னல் வழியாக வெளியே ஊற்றினாய். நான் பார்த்தேன். ஓடிப்போய்த் தெருவில் எல்லாரிடமும் சொன்னேன். "அது பாவம். சோத்துல வெஷம்னு கொட்டின புள்ள, அதுக்கு எல்லாரும் கொட்டற மாதிரிதான் தெரியும்" என்றார்கள்.

நீ காமாலையில் போனாய் என்று ஊர் சொல்கிறது. காமாலைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிழைக்க வேண்டும் என்ற ஆசை உனக்கு அதற்கு முன்பே போய்விட்டது. அடக்க ஆராதனையில் பழைய ஆயர் குரல் உடைந்து உன்னைப் புகழ்ந்தார். தியாகம் என்றார், அன்பின் சிகரம் என்றார். எல்லாரும் அழுதுகொண்டே ஆமென் சொன்னார்கள். என் வாயிலிருந்து அது வரவில்லை. அதையும் நோய் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

உனக்குப் பிறகு என்னை யார் பார்ப்பது என்று பேசினார்கள். சின்னம்மா மகள் கனகம் அக்கா சேத்துப்பட்டிலிருந்து வந்தாள். புருஷன் போய், மகனுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டதால், "அந்த வூட்ல நான் ஒருத்தி எதுக்கு?" என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தவள். வாய்க்காரி, உனக்குத்தான் தெரியுமே. வந்த அன்றே என்னை உட்கார வைத்துத் தலையை அவிழ்த்து, "இன்னாடி இது, தலையா தேங்கா நாரா?" என்றாள். எனக்குப் பிடித்துப்போயிற்று. இப்போது ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அம்மா இருக்கிறார். அவர் மாத்திரையைக் குறைத்ததும் என் கை நடுக்கமும் குறைந்தது. உன் தறிக்குழியில் நான் உட்கார்ந்து நெய்கிறேன், அக்கா கரை நாடா போடுகிறாள். நான் நெய்த சேலையைக் கட்டிக்கொண்டு எங்கேயோ ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நடக்கிறது. பைத்தியம் நெய்த சேலை என்று அவளுக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, போன மழைக்காலத்தில் எனக்கு மறுபடியும் முற்றிவிட்டது. குரல்கள் திரும்பி வந்தன. அக்கா கையை நான் கடித்தேனாம், தழும்பு இருக்கிறது, எனக்கு நினைவில்லை. ஊசி போட்டு, மெல்ல மெல்லத் தேறினேன். தேறி எழுந்து பார்த்தால் வீட்டில் சத்தம் இல்லை. அக்காவின் வாய் அடங்கியிருந்தது. தெருக்குழாயில் குடம் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள், பின்னால் நிற்கிறவள் அதட்டினால்தான் எடுப்பாள். தலை வாருவதில்லை. மகன் பார்க்க வந்தபோதுகூட எழுந்து உட்காரவில்லை. "இன்னாக்கா உடம்புக்கு?" என்று கேட்டேன். "எனக்கு இன்னாடி? நல்லாத்தான் கீறேன்" என்றாள்.

அந்த ஞாயிறே அதுவும் நடந்தது. புது ஆயர் என் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டுவிட்டு, "கனகம் அம்மாளைப் போல ஒரு தாயுள்ளத்தை அவளுக்குத் தந்ததற்காக ஸ்தோத்திரம்" என்றார். யார் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ! நான் கண்ணைத் திறந்து பக்கத்தில் பார்த்தேன். அக்கா தலையைத் தொங்கப் போட்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் ஆயர் வீட்டுக்கு நானே நடந்து போனேன். மாத்திரை போட்டதை முதலில் சொன்னேன். பிறகு, "வர ஞாயித்துக்கெழம நோயாளிங்க பேரோட கனகம் அக்கா பேரயும் சேத்துக்குங்க ஐயா. ஸ்தோத்திரத்துலருந்து எடுத்துடுங்க" என்றேன்.

"கனகம் அம்மாவுக்கா? அவங்களுக்கு என்ன வியாதி?"

"நான்தான்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, சரிம்மா என்று சொல்லி அனுப்பி வைக்கவும் இல்லை. உன்னைப் பற்றி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இங்கே எழுதியதையெல்லாம். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தார். ஜெபம் பண்ணவில்லை. அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து, "நீங்க எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார்.

"எனக்கு இன்னா ஐயா..." என்று ஆரம்பித்தாள் அக்கா.

"பொய்" என்றேன் நான்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு ஆயர் பக்கம் திரும்பி, "பொய்தான் ஐயா. காலைல கண்ண முழிக்கவே பயமா கீது. இவ செத்தா எனக்கு விடுதல, நான் செத்தாலும் எனக்கு விடுதல. எது மொதல்ல வரும்னு படுத்துக்கினு யோசிக்கிறேன். இப்டி நெனக்கறவளுக்குப் போய் ஸ்தோத்திரம் சொல்றீங்களே, கர்த்தர் கேட்டுக்கினு சும்மா இருப்பாரா?" என்றாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஆயர் புத்தி சொல்லவில்லை. "தப்பு எங்க மேலதாம்மா. நாங்க உங்களக் கேக்கவே இல்ல" என்று மட்டும் சொன்னார்.

என் எதிரிலேயே இதெல்லாம் நடந்தது. நான் செத்தால் விடுதலை என்று என் காதாலேயே கேட்டேன். வலித்தது, வலிக்காமல் என்ன? ஆனால் வலியைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. உனக்கும் இதே நினைப்பு வந்திருக்கும், நீ அதைச் சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். என்னிடம் சொல்லியிருந்தால் நான் செத்திருக்க மாட்டேன் அண்ணா. நீயும் செத்திருக்க மாட்டாய்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்கா பெயருக்கும் ஒரு சீட்டு போட்டோம். டாக்டர் அம்மா என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு அவளோடு பேசினார். இதுவும் வியாதிதான், இதற்கும் மருந்து உண்டு, பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நிறைய வருகிறது என்றாராம். அக்காவுக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாள் என்னை விட்டுவிட்டு மகன் வீட்டில் போய் இருக்கச் சொன்னார். அதற்குத்தான் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊரு இன்னா சொல்லும்? பைத்தியத்த வுட்டுட்டு ஓடிட்டான்னு சொல்லாதா?" என்றாள். "சொல்லட்டும். நாந்தான் அந்தப் பைத்தியம். போன்னு நாந்தான் சொல்றேன்" என்றேன்.

போன வாரம் அவளைச் சேத்துப்பட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அவள் மாத்திரையைப் பையின் மேலாக வைத்து, எடுத்துக் காட்டினேன். பஸ் கிளம்பும்போது ஜன்னலில் தலையை நீட்டி, "ஜல்தி வந்துடறேன்டி" என்றாள். "ஜல்தி வராத" என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள். நான் பஸ் ஸ்டாண்டிலிருந்து தனியாக நடந்து வந்து கதவைத் திறந்தேன். இந்த வீட்டில் நான் தனியாக இருப்பது இதுதான் முதல் முறை.

சபையில் சில பெண்கள் என்னை முறை வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ரோசம்மா தினமும் வருகிறாள், அன்றைக்கு முந்தானையைப் பிடித்து இழுத்தவளேதான். மற்றவர்கள் ஒரு தடவை வந்தார்கள், பிறகு வரவில்லை. ராத்திரி மாத்திரையை ரோசம்மா எதிரில் போட்டுக்கொள்கிறேன். ஆயரும் வந்து போகிறார். குரல்கள் இதுவரை இல்லை. வருமோ என்று காது கொடுத்துக் கேட்பதுதான் இப்போது எனக்குப் பெரிய வேலை. கரை நாடாவுக்கு ஆள் இல்லாததால் தறி நிற்கிறது, அதனால்தான் இவ்வளவு எழுத நேரம் கிடைத்தது.

அக்கா திரும்பி வருவாள் என்று ரோசம்மா சொல்கிறாள். எனக்குத் தெரியவில்லை. அங்கே பேரக் குழந்தை இருக்கிறது. அங்கே அவள் தூங்குகிறாளாம், மகன் சொல்லி அனுப்பினான். இரண்டு வேளை சாப்பிடுகிறாளாம். மருமகளோடு சண்டைகூடப் போட்டாளாம். அதைக் கேட்டு நான் தனியாகச் சிரித்தேன், ரோசம்மா பயந்துவிட்டாள்.

அண்ணா, உனக்கு நான் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாலு பேர் படிக்கட்டும், அப்போதுதான் நான் பின்வாங்க முடியாது. கனகம் அக்கா வந்தால் வாசலில் நின்று கூட்டிக்கொள்வேன். அவள் வராவிட்டால் ஆள் அனுப்ப மாட்டேன். உடம்பு சரியில்லை என்று கடிதம் போட மாட்டேன். சபையார் போய்க் கெஞ்சக் கிளம்பினால் அவர்களையும் தடுப்பேன். என்னை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடும்படி ஆனாலும் சரி, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. அவளாவது உயிரோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்த தங்கை,
பாப்பா